திருத்திய பிரதி

பல்செட்காரருக்குப் பத்து லட்சம் வந்துவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னவர் சலூன்காரர். என் கன்னத்தில் சோப்பு நுரை, கழுத்தருகே அவர் கத்தி. மறுத்துப் பேசுகிற நிலையில் நான் இல்லை.

"நாவல் எழுதியிருக்காராம் சார். வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு எடுத்துக்கிச்சாம். காசு கைக்கு வந்த உடனே சம்சாரத்தைத் தனியா வேற ஊருக்கு அனுப்புறாராம். அந்தம்மா மூட்டை கட்டிக்கிட்டு இருக்கு." கத்தியைத் துணியில் ஒரு இழுப்பு இழுத்தார். "காசு வந்தா மனுஷன் இப்படித்தான். நமக்கு வரல, அதனால நாம நல்லவங்களா இருக்கோம்."

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் பத்து லட்சம் இருபத்தைந்தாகியிருந்தது. மருந்துக்கடை வாசலில், சினிமாக்காரர்கள் இரண்டு காரில் வந்துபோனதாகச் சொன்னார்கள். அதில் ஒன்று வெள்ளைக் கார். காரின் நிறம் வரை தெரிந்துவிட்டால் விஷயம் பொய் என்பது என் அனுபவம். ஆனாலும் எழுதுகிறவன் ஒருவனுக்குப் பணம் வந்தது என்று காதில் விழுந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? இயற்கைக்கு விரோதமான எந்தச் செய்தியையும் நேரில் போய் விசாரித்துவிடுவது நல்லது. பொறாமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பொறாமைதான்.

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்னால், முன்பு ஜெனரேட்டர் இருந்த அறையில் பல்செட்காரர் உட்கார்ந்திருப்பார். இருபத்தாறு வருஷமாக அதே ஸ்டூல். டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் மெழுகைக் கட்டி, பல்லைப் பதிப்பார். சுவர் முழுக்கப் பலகை அடித்து, பிளாஸ்டர் தாடைகளை அடுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் பெயர், தேதி. நாற்பது ஐம்பது பேர் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் இடையில் எழுந்து போவதில்லை. இப்படி ஒரு வாசகர் கூட்டம் வேறு எந்த எழுத்தாளருக்கும் வாய்த்து நான் பார்த்ததில்லை.

நான் போனபோது ஸ்பிரிட் விளக்கில் கத்தி நுனியைக் காட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். புருவத்தில் பிளாஸ்டர் தூள். நகத்துக்குள் ரோஸ் மெழுகு. பத்து லட்சம் வந்த முகம் மாதிரி இல்லை.

"வாழ்த்துகள்" என்றேன்.

"எதுக்கு?"

"வெளிநாட்டுக் கம்பெனி..."

"யார் சொன்னா?" என்று சட்டென்று நிமிர்ந்தார். அந்த நிமிர்வில் இருந்த ஆசையைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது. எங்கேயோ முடிவாகி, ஊருக்குத் தெரிந்து, தனக்கு மட்டும் தகவல் வராமல் போய்விட்டதோ என்று அவர் நினைத்தது பளிச்சென்று தெரிந்தது. சலூன்காரர் என்றதும் முகம் அணைந்தது.

"பத்து லட்சம் வாங்கினவன் ஏன் சார் கண்டவன் பல்லைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கான்? இன்னும் ஏஜென்ட் கையிலதான் இருக்கு. பரிசீலனையில."

இலக்கிய ஏஜென்ட் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீடு பிடித்துத் தருபவர் புரோக்கர். கதையைப் பதிப்பாளரிடம் பிடித்துக் கொடுப்பவர் ஏஜென்ட். வீட்டு புரோக்கர் நாம் கூப்பிட்டால் ஓடி வருவார். கதை புரோக்கரிடம் நாம் ஓட வேண்டும். மற்றபடி கமிஷன் இரண்டு பேருக்கும் உண்டு.

இவர் நம்பியிருந்த ஏஜென்ட் அம்மாள் இதே நகரத்தில்தான் இருந்தார். எழுதியதை அச்சடித்துக் கட்டிக்கொண்டு நேரில் போய்க் கொடுக்க வேண்டும். ஒரு ரசீது தருவார்கள். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண் வரும்போது அம்மாள் படிப்பார்.

"எவ்வளவு நாளாச்சு?"

"மூணரை வருஷம்."

நான் ஒரு தாடையைக் கையில் எடுத்தேன். "அதை வைங்க சார், ஈரம்" என்றார்.

நாவலின் கதையை அவரே சொன்னார். ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய மேல்வரிசைப் பல்செட்டைத் தூக்கி எறிய மனம் வராமல் வீட்டார் வைத்திருக்கிறார்கள். அது அடுத்தடுத்து நான்கு வாய்களுக்குப் போகிறது. நான்கு பேருக்கும் பொருந்தாது. நான்கு பேரும் பொருந்துகிறது என்று சாதிப்பார்கள். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. நன்றாக இருந்தது. நான் வந்த காரியத்துக்கு அது நல்லதில்லை.

காத்திருப்பதற்கு அவர் வைத்திருந்த சட்டதிட்டங்களைத் தனியாகவே அச்சிடலாம். ஏஜென்ட் ஆபீஸ் பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடும். அந்த நேரத்தில் இவர் தேய்க்கிற மோட்டாரைப் போட மாட்டார். போட்டால் போன் மணி காதில் விழாது. ஆகவே நகரத்தில் பாதிப் பேருடைய பல் காலை பத்து மணிக்கு முன்னால்தான் தேய்ந்தது. டாக்டரம்மா சத்தம் போட்டுப் பார்த்து விட்டுவிட்டார். போன் திரை குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பழுது பார்க்கக் கொடுக்க வேண்டுமென்றால் அரை நாள் கையில் இருக்காது. அந்த அரை நாளில் அழைப்பு வந்துவிட்டால்? பத்துக்கும் ஐந்துக்கும் நடுவே குளிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனிதராக இருப்பார். அன்றைக்கு ஆபீஸ் விடுமுறை. யாரும் நிராகரிக்க முடியாது.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது. அவருடைய மனைவியைப் பார்க்கும் வரைக்கும்.

வதந்தியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே போனேன். உனக்கு யார் சொன்னது என்று சலூன்காரரைக் கேட்டேன். பல்செட்காரர் குடியிருக்கிற வீட்டு ஓனர் என்றார். ஓனர் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு மாடித் தொட்டி நிரம்புகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "நானா கட்டி விடுவேன்? அந்தம்மாவே சொல்லுச்சு. வேணும்னா மேல போய்க் கேளுங்க" என்று படியைக் காட்டினார்.

அவர் மனைவி அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். ஜன்னலுக்கு உள்ளே நின்று நாளைக்கு நானூறு பேருக்கு மாத்திரை எண்ணிக் கொடுப்பவர். வீட்டிலும் எல்லாம் எண்ணி வைத்த மாதிரிதான் இருந்தது. கூடத்தில் மூன்று அட்டைப்பெட்டிகள். ஒன்றில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாராவாரம் எழுதுகிற பத்தி வந்த பக்கம் ஒரு குழம்புக் கரண்டியைச் சுற்றியிருந்ததைக் கவனித்தேன். பரவாயில்லை, அதுவரை அதற்கு இப்படி ஒரு பயன் இருந்ததில்லை.

"ஆமா அண்ணா, நான்தான் சொன்னேன்" என்றார் கூச்சமில்லாமல். "எனக்கு ப்ரமோஷன் வந்திருக்கு. வேற ஊர். குவார்ட்டர்ஸ் தர்றாங்க, பின்னாடி ஒரு ஷெட், தண்ணிக் குழாயோட. அவர் மெழுகுச் சட்டி எல்லாம் அங்க வெச்சுக்கலாம். அந்த ஊர் பல் டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். இவர் வரமாட்டேங்கிறார். பொம்பளை தனியா பெட்டி கட்டினா ஓனர் கேப்பார்ல? புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னு ஆரம்பிப்பாங்க. அதான், அவருக்குப் பெரிய கான்ட்ராக்ட் வந்திருக்கு, முடிச்சுக் குடுத்துட்டுதான் வருவார்னு சொல்லிட்டேன்."

"பத்து லட்சம்?"

"நான் அஞ்சுதான் சொன்னேன்."

"ஏன் வரமாட்டேங்கிறார்?"

"முதல் பக்கத்துல இந்த வீட்டு விலாசம் இருக்காம். லெட்டர் இங்கதான் வருமாம்." பாத்திரத்தை ஓங்கி வைத்தார். "எட்டுத் தடவை திருத்தினாரே, விலாசத்தை ஒரு தடவை திருத்தக் கூடாதா?"

எட்டுத் தடவை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஒரு ப்ரமோஷன் ஆர்டர் வந்துச்சு, விட்டேன். ரெண்டாவது வந்துச்சு, பதில் வரட்டும்னார், விட்டேன். இது மூணாவது. இதையும் விட்டா லிஸ்ட்ல கடைசிக்குப் போயிடுவேன். அப்புறம் ரிட்டையர்மென்ட் வரைக்கும் அதே ஜன்னல்தான். ஒண்ணாந்தேதி அங்க கையெழுத்துப் போடணும்." அடுத்த பாத்திரத்தைத் தாளில் சுற்றினார். "வருஷக் கணக்கா இந்த வீட்டுல போன் அடிச்சா நான் எடுக்கக் கூடாது அண்ணா. எங்க அம்மா சீரியஸா இருந்தப்போ எங்க தம்பி பக்கத்து வீட்டுக்குதான் போன் பண்ணான்."

அதற்குமேல் அங்கே உட்கார்ந்து நகைச்சுவை தேட எனக்குத் தைரியம் வரவில்லை. ஏஜென்ட் ஆபீஸில் நேரில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கேட்டு ஒரு பதில் வாங்கிவிட்டால், அது எதுவாக இருந்தாலும், இவர்கள் ஒரே வண்டியில் ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன். என் நினைப்புகள் பெரும்பாலும் இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. உள்ளே நுழைந்ததும் ரப்பர் வாசனையும் காகித வாசனையும் சேர்ந்து அடித்தது. சுவரோரம் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் பிரதிகள். ஒவ்வொன்றும் நூலால் கட்டி, நெற்றியில் எண் ஒட்டி. நடுவில் ஒரு மேஜை, அதன் பின்னே உதவியாளர் பெண். ஏஜென்ட் அம்மாள் உள் அறையில் இருந்தார். கதவு மூடியிருந்தது. அந்தக் கதவின் கைப்பிடி மட்டும் பளபளவென்று இருந்தது.

பல்செட் நாவல் என்றதும் உதவியாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும் சார்?"

"தெரிஞ்சவர்."

"அப்ப கொஞ்சம் சொல்லுங்களேன் சார், புண்ணியமாப் போகும்." நீளப் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "எங்ககிட்ட எப்பவும் அறுபது கட்டு இருக்கும். மேடம் வரிசையாத்தான் படிப்பாங்க. ஒரு நம்பர் மேஜைக்கு வர நாலு, அஞ்சு மாசம் ஆகும். அவ்வளவுதான். மூணரை வருஷம் எல்லாம் யாரும் இங்க காத்திருந்ததில்ல. இவர் என்ன பண்றார், நம்பர் கிட்ட வரும்போது திருத்திய பிரதின்னு ஒண்ணைக் கொண்டுவந்து குடுத்துடறார். புதுப் பிரதி வந்தா பழைய நம்பர் ரத்து. மறுபடி கடைசி. ரூல் ரசீதுலயே அச்சடிச்சிருக்கு."

பதிவேட்டில் அவர் பெயர் ஒன்பது இடத்தில் இருந்தது. எட்டு இடத்தில் சிவப்புக் கோடு.

"ரெண்டு தடவை மேடம் மேஜை வரைக்கும் போச்சு சார். ஒரு தடவை மேடம் கண்ணாடியைப் போட்டுட்டாங்க. அப்பதான் படியேறி வந்து நிக்கிறார், கையில கட்டு!"

"ஒருத்தரும் படிக்கவே இல்லையா?"

"ஒரு பக்கம்கூட இல்ல."

"இப்ப ஒன்பதாவது எங்க இருக்கு?"

விரலால் எண்ணினார். "ரெண்டாவது. அடுத்த வெள்ளிக்கிழமை மேடம் எடுத்துடுவாங்க. எட்டு நாள். அவரை அதுவரைக்கும் சும்மா இருக்கச் சொல்லுங்க சார். கையைக் கட்டிப் போட்டாலும் சரி."

இந்தப் பிழையின் மூலம் எனக்குப் படியிறங்கும்போதே புரிந்துவிட்டது. அது அவருடைய தொழில். பல்செட்டை யாரும் ஒரே தடவையில் செய்வதில்லை. முதலில் மெழுகில் பல்லைப் பதித்து டாக்டரம்மாவுக்கு அனுப்புவார். அவர் நோயாளியின் வாயில் வைத்து, நீலக் காகிதத்தைக் கடிக்கவைத்து, எங்கே இடிக்கிறது என்று குறித்துத் திருப்பி அனுப்புவார். இவர் அங்கே சுரண்டி மறுபடி அனுப்புவார். நாலு தடவை போய்வந்தால்தான் நல்ல செட் என்று பெயர். மனிதர் நாவலையும் மெழுகுச் செட்டாக நினைத்துக் கொடுத்திருக்கிறார். குறித்து அனுப்புவார்கள் என்று பார்த்தார், அனுப்பவில்லை, தானே குறித்துக்கொண்டார். எவ்வளவு அப்பாவி என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அன்று எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தது.

நேராக வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட வந்திருந்தார். மனைவி பரிமாறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்: இரண்டாவது எண், எட்டு நாள், கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும்.

பல்செட்காரர் சந்தோஷத்தில் எழுந்து என் கையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் குழித்த குழி அப்படியே இருந்தது.

மனைவிதான் பேசினார். "எட்டு நாளா? எனக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. டிக்கெட்டை ரெண்டாப் போட்டுடறேன்." பிறகு அவர் பக்கம் திரும்பினார். "என்னங்க, எட்டே நாள். எதையும் திருத்தாம இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"இருப்பேன்னு சொல்றேன்ல."

அந்தம்மாள் அன்றைக்கே நான்காவது பெட்டி ஒன்றை எடுத்துவந்து அவருடைய சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

நான் நான்கு நாள் கழித்துக் கிளினிக் பக்கம் போனபோது, காலை பதினொன்றரை மணிக்கு, மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆபீஸ் நேரத்தில் மோட்டார்! மனிதர் தேறிவிட்டார் என்று உள்ளே போனேன். அவர் எதையும் தேய்க்கவில்லை. மோட்டாரை ஓடவிட்டு, முன்னால் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம்" என்றார்.

"வேண்டாம்."

"கேளுங்க சார். மூணாவது ஆளுக்கு, மூணாம் அத்தியாயத்துல கீழ்வரிசை முன்பல்லு நாலும் விழுந்துபோச்சு. மேல்செட் மட்டும்தான் இருக்கு. இருநூத்திப் பன்னிரண்டுல அவன் யோசிச்சுக்கிட்டே நகம் கடிக்கிறான். எதை வெச்சுக் கடிக்கிறான்?"

"யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நான் கவனிச்சுட்டேனே."

"புத்தகமா வரும்போது திருத்திக்கலாம். இப்ப நகம் கடிக்கட்டும் விடுங்க."

"எப்படிக் கடிப்பான்?" என்று என்னையே கேட்டார். சுவரிலிருந்த தாடைகளைப் பார்த்தேன். அவையும் வாயைத் திறந்தபடியே இருந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் உதவியாளர் பெண் எனக்குப் போன் செய்தார். "வந்துட்டார் சார்" என்றார். வெள்ளிக்கு ஒரு நாள் இருந்தது.

கோபத்தோடு பல்செட்காரரிடம் போனேன். மூன்றரை வருஷத்தையும், ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையையும் நகத்துக்காகக் கொடுத்தீரா என்று கேட்பதாக வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். நல்ல வாக்கியம். அதைச் சொல்லவே முடியவில்லை. ரசீதுகளைக் கிளிப்பில் கோத்துக்கொண்டிருந்தார். பத்தாவதை மேலே வைத்தார்.

"அந்த ரூல் உங்களுக்குத் தெரியாதா?" என்றுதான் கேட்டேன். "புதுப் பிரதி குடுத்தா கடைசிக்குப் போயிடும்னு."

"பத்து ரசீதுலயும் அச்சடிச்சிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதா சார்?"

நான் கண்டுபிடித்த அப்பாவியை அந்த அறையில் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

"மெழுகுல இருக்கிற வரைக்கும் எந்தச் செட்டும் தப்பான செட் இல்ல. இடிக்குதுன்னா சுரண்டலாம், உசந்திருந்தா தட்டலாம். மெழுகுக்குப் பதிலா அக்ரிலிக் போட்டு வேகவெச்சுட்டா முடிஞ்சுபோச்சு. ஒண்ணு வாய்ல உக்காரும், இல்லன்னா குப்பைத்தொட்டி. எத்தனை செட்டைக் குப்பையில போட்டிருக்கேன் தெரியுமா? அதெல்லாம் வேறொருத்தன் வாய்." ரசீதுக் கட்டை இழுப்பறையில் போட்டு மூடினார். "நம்பர் அஞ்சுக்குக் கீழ வந்தாலே வீட்டுல இருக்கிற நகலைப் பிரிச்சுடுவேன். உக்காந்து படிப்பேன். தேடினா ஏதாவது தப்பு கிடைக்காமலா போகும்? கிடைச்ச உடனே ஒரு நிம்மதி பாருங்க. அந்த நிம்மதி நாலு மாசம் தாங்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட ரூல் விஷயம் எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க. தெரியாமச் செஞ்சேன்னு இருக்கட்டும்."

முப்பதாம் தேதி பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். பெட்டிகள் முந்தைய நாளே லாரியில் போய்விட்டன, மூன்று பெட்டி. நாலாவதைப் பிரித்துச் சட்டைகளை மறுபடி பீரோவில் வைத்தாயிற்று என்று அந்தம்மாளே சொன்னார். பல்செட்காரர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். மணி பதினொன்று, போனைக் காதருகே பிடித்தபடியே கூட்டத்தில் நடந்தார்.

"தெரியாமச் செஞ்சுட்டார்" என்றேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன்; என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"நீங்களுமா அண்ணா?" என்று சிரித்தார். "ரெண்டாவது ரசீதை அவர் சட்டைப் பையில நான்தான் பார்த்தேன், துவைக்கப் போடும்போது. அன்னைக்கே படிச்சுட்டேன். அவரா ஒரு நாள் வாயைத் திறந்து சொல்வார், பயமா இருக்குன்னு. சொன்னா போதும்னு இருந்தேன். பயம்தானே, எனக்கு இல்லையா? புது ஊர், புது ஆபீஸ். இந்தத் தடவை டிக்கெட் ரெண்டு போட்டதே அதுக்குத்தான்." கைப்பையிலிருந்து இரண்டாவது டிக்கெட்டை எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்து, பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். காசு கொடுத்த சீட்டுதானே, வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

பல்செட்காரர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"போன உடனே போன் பண்ணு" என்றார்.

"எந்தப் போனுக்கு?" என்று கேட்டார் அந்தம்மாள். "லைன் பிஸியா இருந்தா அவங்க கூப்பிட முடியாதே." பிறகு, பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துச் சொன்னார்: "லெட்டர் போடுங்க. வர்றேன், இல்ல வரல. ரெண்டுல ஒண்ணு. ஷெட்டை யாருக்காவது விடணுமான்னு எனக்குத் தெரியணும்."

ஊரில் இப்போது தொகை நாற்பது லட்சம். மனைவியைத் துரத்திவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்கிறார்கள். சலூன்காரர் அவருக்கு முடிவெட்டக் கூடுதலாகக் கேட்கிறாராம். நான் மறுக்கவில்லை. அந்தம்மாள் கட்டிய பொய்யில் அந்தப் பணம் ஒன்றுதான் இன்னும் நிற்கிறது.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த உதவியாளர் பெண்ணை டயர் கடை வாசலில் பார்த்துவிட்டேன். சிவப்புக் கோடு போடுவதற்கு முன்னால் ஒரு தப்புச் செய்ததாகச் சொன்னார். அந்த வியாழக்கிழமை பத்தாவது கட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ரத்தான ஒன்பதாவதைத் தூக்கிக்கொண்டு போய் மேடம் முன்னால் வைத்திருக்கிறார். ஐந்து நிமிஷம். அதற்குள் மேடத்துக்கு வேறு அழைப்பு வந்து எழுந்துவிட்டார்.

"படிச்சாங்களா?"

"ரெண்டு பக்கம் இருக்கும் சார். ஒரு இடத்துல சிரிச்சாங்க."

இதைப் போய் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆறுதலாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டார். இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் அவர் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"எந்த வரியில சிரிச்சாங்க?"

"அது தெரியல."

"ரெண்டு பக்கத்துல சிரிக்கிற மாதிரி நான் எதுவும் எழுதலையே சார். முதல் ரெண்டு பக்கம் சாவு." மேஜைமேல் ஒரு கடித உறை கிடந்தது. மனைவியின் புது விலாசம் எழுதி, உள்ளே ஒன்றுமில்லாமல். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேட்டுச் சொல்லுங்க. எந்த வரின்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நல்லதுக்குச் சிரிச்சாங்களா கெட்டதுக்குச் சிரிச்சாங்களான்னு தெரிஞ்சுட்டா, இன்னைக்கே அவளுக்கு எழுதிடறேன்."

சரி, கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

டயர் கடை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். இரண்டு மாடி. கேட்டால் அந்தப் பெண் சொல்லிவிடுவார். கேட்டுவந்து சொன்னால், அவர் முதலில் அந்த வரியைத்தான் திருத்துவார். சொல்லாவிட்டால் உறை அப்படியே கிடக்கும். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. அவருக்கு நான் ஒரு வரி பாக்கி.